எதிரி தைத்த சட்டை

ஏழாவது அத்தியாயம்

முதல் கல் என் தொப்பியில் பட்டது. தொப்பி வாய்க்காலில் விழுந்து, பெரியாற்றுத் தண்ணீரோடு சேர்ந்து யாரோ ஒரு புண்ணியவானின் வயலுக்குப் பாயப் போய்விட்டது.

"அண்ணாச்சி, ஊரு நமக்கு மாலை மரியாதை செய்யுது" என்றேன்.

"நல்லதுலே. குறி தப்புதுன்னா கோவத்துல எறியுறாகன்னு அர்த்தம். நிதானமா எறிஞ்சாத்தான் பயப்படணும்" என்றார் துப்பறியும் சண்முகராஜ். கல் என்னவோ என் தலையைத் தேடி வந்தது. தத்துவம் அவர் வாயிலிருந்து வந்தது. எங்கள் கூட்டுத் தொழிலில் பங்கு பிரிப்பு எப்போதும் இப்படித்தான்.

அவர் தேனி பஜாரில் ஜவுளிக் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. துணியை அளப்பதைவிட ஆளை அளப்பது பிடித்துப்போய் துப்பறிய வந்தவர். நான் ஏசுதாசன், போடியில் இலவம்பஞ்சு வியாபாரம் செய்யும் குடும்பத்தின் ஒரே வாரிசு. இலவம்பஞ்சு என் மூக்குக்கு ஆகாது. ஒரு இழை பறந்தாலும் அடுக்குத் தும்மல்தான். கடையில் உட்கார முடியாத வாரிசை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அப்பா விழித்தபோது, சண்முகராஜ் என்னை உதவியாளனாக எடுத்துக்கொண்டார்.

யுத்த காலம். பெட்ரோல் கிடையாது என்று பஸ்ஸுக்குக் கரி அடுப்பு கட்டிவிட்டிருந்தார்கள். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ள வேண்டும். கம்பத்திலிருந்து படைமேட்டுப்பட்டி வரைக்கும் நாங்கள் பஸ்ஸில் வந்தோமா, பஸ் எங்களோடு வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. அப்படி வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கியவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் தர பஸ் நின்ற வடக்குத் தெருவில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. கேட்ட வீட்டில் எல்லாம் கதவு சாத்தினார்கள். ஒரு பெண்மணி மட்டும் தண்ணீர் கொண்டுவந்தாள். அதை எங்கள் காலடியில் ஊற்றிவிட்டுப் போனாள்.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. எந்தக் காலத்திலோ இந்த மேட்டில் இரண்டு பாளையக்காரர்கள் மோதினார்களாம். வருஷா வருஷம் திருவிழாவில் வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் அந்தப் போரை நடத்திக் காட்டுவார்கள். மர வாள், தோல் கவசம், தாரை தப்பட்டை எல்லாம் உண்டு. கடைசியில் இரண்டு தளபதிகள் மட்டும் ஒண்டிக்கு ஒண்டி நிற்பார்கள். இந்த வருஷம் வடக்குத் தளபதி ஒச்சாண்டி, தெற்குத் தளபதி கர்ணன். கர்ணன் அடித்த அடியில் ஒச்சாண்டியின் விலா எலும்பு முறிந்து நுரையீரலைக் குத்திவிட்டது. பெரியகுளம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். பிழைப்பானா என்று கேட்டால் டாக்டர் வானத்தைக் காட்டுகிறார்.

கர்ணன் அவுட்போஸ்ட் லாக்கப்பில் இருந்தான். மத்தியான பஸ்ஸில் அவனைப் பெரியகுளம் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. ஒச்சாண்டி கண்ணை மூடினால் கர்ணன் கழுத்துக்குக் கயிறு. அவன் மனைவி ராமுத்தாய் தேனிக்கு வந்து எங்கள் வாசலில் நின்று, "எம் புருசன் சதி பண்ணலய்யா" என்று அழுததால் நாங்கள் வந்தோம். வடக்குத் தெருக் கல் எங்கள் மேல் விழுந்ததும் அதனால்தான்.

ஏட்டு ராஜமணி எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. காலை மட்டும் மேஜை மேல் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

"துப்பறியிறவுகளா? இங்கன துப்பறிய ஒண்ணும் இல்ல. துப்பிட்டுப் போகலாம்."

"அதை ஊரே செஞ்சிருச்சு ஏட்டையா, நீங்க மெனக்கெட வேணாம்" என்றேன்.

சண்முகராஜ் மூலையில் கிடந்த ஒச்சாண்டியின் கவசத்தைக் கையில் எடுத்தார். வெளியே எருமைத் தோல். இரும்புக்குப் பஞ்சமானதால் நெஞ்சுப் பக்கம் மண்ணெண்ணெய் டின்னை வெட்டித் தைத்திருந்தார்கள். பாளையக்காரர் காலத்துத் தளபதியின் மார்பில் சீமைக் கம்பெனிப் பெயரில் பாதி பளபளத்தது. அது வெறும் பகட்டுக்குத்தான். அடியைத் தாங்குவது உள்ளே போடும் திண்டுச்சட்டை. முன்பக்கம் மட்டும் அடைத்துத் தைத்து, முதுகில் நாடாவால் கட்டிக்கொள்வது.

"இந்த ஊருல ஒரு கிறுக்குப் பழக்கம்" என்றார் ஏட்டு. "வடக்கத்தியானுக்குத் திண்டுச்சட்டை தைக்கிறது தெக்குத் தெரு. தெக்கத்தியானுக்கு வடக்குத் தெரு. எதிரி தச்சுக் குடுத்ததைத்தான் போட்டுக்கிட்டு எறங்கணும். ஒச்சாண்டி சட்டையைத் தச்சது கர்ணன் பொண்டாட்டி. நல்லாத் தொட்டுப் பாரும். இடது பக்கம் மெத்தை மாதிரி இருக்கு. வலது பக்கம் அப்பளம். அடி எங்கன விழுந்துச்சு? வலது விலாவுல. அவன் பொண்டாட்டி ஓட்டை வச்சா, அவன் அதுல அடிச்சான். கேஸு முடிஞ்சுபோச்சு."

கம்பிக்குப் பின்னால் கர்ணன் உறுமினான். ஆள் வாட்டசாட்டம். எங்களை உதவிக்கு வந்தவர்களாகவே அவன் நினைக்கவில்லை.

"யாரு வரச் சொன்னது ஒங்கள? வேடிக்கை பாக்க வந்தீகளா?"

"ஒம் பொண்டாட்டி அனுப்பி வந்தோம்" என்றார் சண்முகராஜ். "நீ எந்தக் கையால வாள் பிடிப்ப?"

"நொட்டாங்கை. திங்கிறது எழுதுறது எல்லாம் சோத்துக்கை. வாள் மட்டும் இதுல."

"வடக்குத் தெருவுக்கு அது தெரியுமா?"

"எப்பிடித் தெரியும்? நான் எறங்குறது இதான் மொத வருசம். ஒருத்தர் பழகுறதை இன்னொருத்தர் பாக்கக் கூடாது."

ஏட்டு தொடையைத் தட்டினார். "கேட்டீரா? கையை மறைச்சு வச்சு ஏமாத்தி அடிச்சிருக்கான்."

"மறைச்சனா?" கர்ணன் கம்பியை உலுக்கினான். "எதுக்குய்யா எதிரி சட்டை தைக்கிறது? அடிக்கப்போறவனுக்குத்தானே அடி எங்கன விழும்னு தெரியும்! சோத்துக்கைக்காரன் அடிச்சா எதிரிக்கு இடது பக்கம் விழும். நான் அடிச்சா வலது பக்கம். அதனால வலது பக்கம் கனமா வச்சுத் தச்சாச்சு. போட்டுப் பாத்த ஒடனே ஒச்சாண்டியண்ணனுக்கு வெளங்கிரும், இந்தப் பய நொட்டாங்கைன்னு. அந்தச் சட்டைதான் சேதி. காலங்காலமா அப்பிடித்தான்."

எனக்கு அந்தப் பழக்கம் அந்த நிமிஷத்தில் பிடித்துப் போயிற்று. ஊரைத்தான் பிடிக்கவில்லை.

சண்முகராஜ் சட்டையைக் கம்பிக்கு அருகே நீட்டினார். "அப்ப இது என்ன?"

கர்ணன் கையை நுழைத்துத் தடவினான். முகம் மாறியது. "இது எங்க வீட்டுச் சட்டை இல்ல."

ஏட்டு சிரித்தார். "மாட்டுன பெறகு எவனுமே எதையும் தன்னுதுன்னு சொல்ல மாட்டான்."

"இல்ல ஏட்டையா! எங்க வீட்டுச் சட்டைன்னா பழந்துணியை மடிச்சு மடிச்சு, புளியங்கொட்டைப் பசையில முக்கிக் காயப்போட்டுத் தச்சது. பலகை மாதிரி நிக்கும். கடைசியா வலது பக்கம் பத்தாதுன்னு ராமுத்தாய் தன்னோட மஞ்சச் சீலையைக் கிழிச்சு வச்சா. 'நீ மாடு மாதிரி அடிப்ப, அந்த அண்ணனுக்கும் புள்ளைகுட்டி இருக்கு'ன்னா."

சண்முகராஜ் பேனாக்கத்தியால் தையலைப் பிரித்தார். பழந்துணியும் இல்லை, மஞ்சள் சேலையும் இல்லை. வெள்ளையாக ஏதோ பொசுக்கென்று எட்டிப் பார்த்தது. அதைக் கண்ணால் பார்க்கும் முன்பே என் மூக்கு பார்த்துவிட்டது. தும்மினேன். மறுபடி தும்மினேன். ஏட்டின் மேஜையிலிருந்த காகிதங்கள் பறக்கும்வரை தும்மினேன்.

"இலவம்பஞ்சு" என்றார் சண்முகராஜ் நிதானமாக. "சாட்சி மூக்காலயே சொல்லிட்டான்."

"மூக்கை எல்லாம் கோர்ட்டுல ஏத்த மாட்டாக" என்று ஏட்டு சீறினார்.

சண்முகராஜ் ஒரு துணுக்கைப் பிய்த்து ஏட்டின் தண்ணீர் டம்ளரில் போட்டார். அது நனையாமல் மிதந்தது. விரலால் முக்கினார். மேலே வந்து மறுபடி மிதந்தது. பருத்தியாக இருந்தால் இந்நேரம் தண்ணீரைக் குடித்து அடியில் உட்கார்ந்திருக்கும். ஏட்டு அதைக் கொஞ்ச நேரம் முறைத்தார். தான் குடிக்க வைத்திருந்த தண்ணீர் என்பதுதான் அவருடைய முக்கியமான வருத்தம்.

"கவசத்துக்கு இலவம்பஞ்சு வைக்கிறவன் மடையன்" என்றேன். "தலையணைக்கு ஆகும். ஓங்கி அடிச்சா அப்பிடியே வழுக்கி ஒதுங்கிரும்."

"மடையன்னா சதிகாரன் இல்லலே. சதிகாரனுக்கு இந்தச் சட்டைல இடது பக்கம் மெத்தை வைக்க எதுக்குப் பாடு?" என்றார் சண்முகராஜ். அவர் கண் இடுங்கியது. "திருவிழாவுக்கு முன்னால அந்தச் சட்டை எங்கன இருந்துச்சு ஏட்டையா?"

"திருவிழாவுக்கு முந்துன எட்டு நாளும் ஒச்சாண்டி வீட்டு உத்தரத்துல தொங்கும். அதான் மொறை. பக்கத்துல அவன் பொண்டாட்டி பஞ்சம்மாளும் தம்பி அம்மாவாசியும்தான் போவாக. போய்க் கேளும். அம்மாவாசி நல்லாப் பதில் சொல்லுவான், அருவா வச்சிருக்கான்."

"அண்ணன் சாஞ்சா அடுத்த தளபதி யாரு?"

"அம்மாவாசிதான்" என்றார் ஏட்டு. சொல்லிவிட்டு முதல் முறையாக மேஜையிலிருந்து காலை இறக்கினார்.

வடக்குத் தெருவில் அம்மாவாசி எங்களுக்காகவே காத்திருந்தான். பின்னால் ஒரு கூட்டம். முன்னால் ஒரு மீசை. ஆளைவிட மீசைதான் முதலில் வந்தது.

"எங்கண்ணன் அங்கன சாகக் கெடக்கான். கொன்னவனுக்கு வக்காலத்து வாங்க வந்தீகளா? ஒரு எட்டு வச்சீக, ரெண்டு பொணம் போகும் இங்கேருந்து."

"சட்டை ஒங்க வீட்டுலதான தொங்குச்சு?" என்று சண்முகராஜ் தெரு முழுக்கக் கேட்கும்படி கேட்டார். "அண்ணன் விழுந்தா யாருக்கு லாபம்னு ஊருக்குத் தெரியாமலா இருக்கும்?"

இதைக் கேட்க வேண்டிய இடம் இது இல்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன். இரண்டாவது கல் வந்து என் நெற்றியில் பட்டது. இது நிதானமாக எறிந்த கல். நான் விழுந்தது நடிப்பில்லை.

கண் திறந்தபோது ஒரு வீட்டுக்குள் கிடந்தேன். ஒரு பெண் என் நெற்றியில் ஈரத்துணியை அழுத்திக்கொண்டிருந்தாள். அன்பாக அழுத்தவில்லை, வலிக்க வலிக்க அழுத்தினாள். வயது முப்பது இருக்கும். அழுது அழுது கண் சிவந்திருந்தது.

"பெறத்தியான் ரத்தம் எவ் வாசல்ல விழுந்தா எம் புருசனுக்கு ஆகாது. அதுக்காகத்தான் தூக்கியாரச் சொன்னேன். ரத்தம் நின்ன ஒடனே கெளம்பிருங்க" என்றாள். இவள்தான் பஞ்சம்மாள். அம்மாவாசி கதவை மறித்து நின்றான். கையில் அரிவாள் இருந்தது. ஏட்டு பொய் சொல்லவில்லை.

"அந்தக் கர்ணன் கை அழுகிப் போகணும். அவன் வம்சம் தழைக்கக் கூடாது" என்று அவள் பாட்டுக்குச் சபித்துக்கொண்டே கட்டுப் போட்டாள். ஒவ்வொரு சாபத்துக்கும் ஒரு முடிச்சு போட்டாள்.

என் காதில் ஏதோ குத்தியது. தலையைத் திருப்பினேன். மறுபக்கமும் குத்தியது.

"அண்ணாச்சி, இது தலையணையா, மாட்டுக் கொட்டமா? உள்ள பூரா வைக்கோலு."

சண்முகராஜ் குனிந்து தலையணையை எடுத்துப் பார்த்தார். உறை நல்ல சீட்டித் துணி. ஓரத்தில் நூலால் பூ வேலை. கல்யாணச் சீராக வந்த தலையணை என்று உறை சொன்னது. உள்ளே இருந்தது மாட்டுத் தீவனம். சுவரோரம் அடுக்கியிருந்த மற்ற தலையணைகளையும் ஒவ்வொன்றாக அமுக்கினார். எல்லாமே சரசரத்தன.

"ஆத்தா, நீங்க பொறந்த ஊரு எது?"

அவள் கை நின்றது. "போடி. அதுக்கென்ன?"

"போடியில பொண்ணுக்குச் சீரு குடுத்தா இலவம்பஞ்சுத் தலையணை குடுப்பாக. இவன் அப்பா கடையிலேயே வாங்கியிருப்பாக. இவன் இந்நேரம் இங்க தும்மித் தும்மிச் செத்திருக்கணும். பஞ்சு எங்க ஆத்தா?"

அம்மாவாசி அரிவாளோடு ஒரு அடி முன்னால் வந்தான். "ஏலே, யாரைக் கேள்வி கேக்க?"

"நீ ஒக்காருப்பா. ஒன்னைத் தெருவுல சொன்னது உள்ள வர்றதுக்காக. நீ சட்டையைத் தொட்டவன் இல்ல" என்றார் சண்முகராஜ்.

நானும் அப்போதுதான் அதைத் தெரிந்துகொண்டேன். என் நெற்றியைக் கொடுத்துக் கதவைத் திறந்திருக்கிறார்! ஊருக்குத் திரும்பியதும் இந்த மனுஷனிடம் பேசுவதில்லை என்று மனதுக்குள் சத்தியம் செய்துகொண்டேன்.

பஞ்சம்மாள் மறைக்கவில்லை. நிமிர்ந்து நின்றாள். பயம் கொஞ்சமும் இல்லை, ஆத்திரம்தான் இருந்தது.

"ஆமா, நான்தான் தச்சேன். போன கோடையில வாய்க்கா மடையில என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா? எங்க வயக்காட்டைக் காயப்போட்டு எங்காளுக மண்டையைப் பொளந்தவுக அந்தத் தெக்குத் தெருக்காரவுக. அவுக தச்சதை நம்பி எம் புருசன் நெஞ்சுல போடுவனா? உமியை வச்சிருப்பாக, முள்ளை வச்சிருப்பாக. எதிரி சட்டையைச் சந்தேகப்பட்டா வடக்குத் தெரு மானம் போயிரும். அதான் யாருக்கும் தெரியாம, எந் தலவாணியைக் கிழிச்சு, அதே மாதிரி ஒண்ணு தச்சு மாட்டுனேன். அவருக்கும் தெரியாது."

"இடது பக்கம் ஏன் கனமா வச்சீக?"

"எங்கப்பன் வீட்டுலயும் செலம்பக்காரவுக உண்டு. அடி இடது பக்கந்தான விழும்! அந்தப் பாவி நொட்டாங்கையால அடிச்சு ஏமாத்துனான். நான் தச்சது இல்லைன்னா அவரு அன்னைக்கே போயிருப்பாரு."

"ராமுத்தாய் தச்சது எங்க?"

"பாக்கணுமா? பாருங்க. அவுக வச்ச வெசத்தை ஊரே பாக்கட்டும்." அவள் நெல் கொட்டிவைக்கும் குலுக்கைக்குள் கையை விட்டாள். அடியிலிருந்து ஒரு சட்டையை உருவி, சண்முகராஜின் காலடியில் வீசினாள். அது பலகை விழுந்த மாதிரி சத்தத்தோடு விழுந்தது.

சண்முகராஜ் அதைத் தொடவில்லை.

"நீங்களே எடுத்து அமுக்கிப் பாருங்க ஆத்தா."

"எனக்கெதுக்கு?"

"ஒரு தடவையாவது அமுக்கிப் பாத்தீகளா?"

"அவுக தொட்டதை நான் ஏன் தொட்டுப் பாக்குறேன்? உத்தரத்துலேருந்து எடுத்தேன், குலுக்கையில போட்டேன்."

"இப்பப் பாருங்க."

அவள் குனிந்து எடுத்தாள். இடது பக்கத்தை அமுக்கினாள். விரல் உள்ளே போயிற்று. உதட்டில் ஒரு வெற்றிச் சிரிப்பு வந்தது. பிறகு வலது பக்கத்தை அமுக்கினாள். சிரிப்பு நின்றது. மறுபடி அமுக்கினாள், உள்ளங்கையால் குத்தினாள், முஷ்டியால் ஓங்கி அடித்தாள். அது அசையவில்லை.

"அவன் நொட்டாங்கைன்னு அந்தச் சட்டை சொல்லியிருக்கும்" என்றார் சண்முகராஜ். அவர் குரலில் எனக்குப் பழக்கமில்லாத தயக்கம் இருந்தது. "ஒங்க வீட்டுக்காரர் போட்ட சட்டை, சோத்துக்கைன்னு சொல்லியிருச்சு."

அவள் கொழுந்தனின் கையிலிருந்து அரிவாளைப் பிடுங்கி வலது பக்கத்தைக் கிழித்தாள். மடிப்பு மடிப்பாகப் பழந்துணி. எல்லாவற்றுக்கும் மேலே, உடம்பில் படும் பக்கமாக, மஞ்சள் சேலைத் துண்டு. புதுச்சேலை. சாயம்கூடப் போகவில்லை. பஞ்சம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதுவரை கர்ணன் வம்சத்துக்கு அவள் போட்ட முடிச்செல்லாம் என் நெற்றியில் இருந்தது. எனக்கு அவள்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது.

வெளியே பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மத்தியான பஸ்.

அம்மாவாசி கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "மதினி, அதைத் திரும்பக் குலுக்கையில போடுங்க. அவன் போகட்டும். இது வெளிய தெரிஞ்சா வடக்குத் தெரு தலை நிமிர முடியாது. அண்ணன் மானமும் போயிரும். இவனுக ரெண்டு பேரையும் நான் பாத்துக்கிறேன்."

எங்களை எப்படிப் பார்த்துக்கொள்வான் என்று கேட்கும் ஆர்வம் எனக்கு இல்லை. அந்த இடத்தில் சண்முகராஜின் கெட்டிக்காரத்தனத்துக்கும் வேலை இல்லை. அவள் வாய் திறந்தால் கர்ணன் பிழைப்பான். மூடினால் தொங்குவான்.

பஞ்சம்மாள் எழுந்தாள். கிழிந்த சட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தாள்.

"விலகுங்க."

"மதினி!"

"விலகுலே!" என்று அவள் கத்தியதில் அம்மாவாசியின் மீசைகூட ஒதுங்கியது.

தெருவில் அவள் பின்னால் நாங்கள் ஓடினோம். கல்லோடு நின்றவர்கள் வழிவிட்டார்கள். பஸ்ஸில் ஏட்டுக்குப் பக்கத்தில் விலங்கோடு கர்ணன் உட்கார்ந்திருந்தான். அவள் படியில் ஏறி நின்று, ஊர் கேட்கச் சொன்னாள்.

"ஏட்டையா, இவனை எறக்கிவிடுங்க. எம் புருசனை அடிச்சது இவன் கை இல்ல, எங் கை."

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஏட்டு மஞ்சள் துணியை இழுத்துப் பார்த்தார். கர்ணனைப் பார்த்தார். பிறகு, யாரோ தன் வீட்டுச் சொத்தைப் பிடுங்குவதுபோல் முணுமுணுத்துக்கொண்டே விலங்கைக் கழற்றினார்.

கர்ணன் அவளுக்கு நன்றி சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"சட்டை மாறினது ஒச்சாண்டியண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அடி விழுகுறப்ப அவரு வாளைத் தூக்கித் தடுத்திருக்கலாம். தடுக்கல. வலது விலாவைத் தொறந்து வச்சுக்கிட்டு என்னையப் பாத்துச் சிரிச்சாரு. எதுக்குச் சிரிக்காருன்னு இத்தனை நாளும் எனக்கு வெளங்கல. வலது பக்கம் மெலிசாத் தெரிஞ்சாலும், எங்க வீட்டுச் சட்டை, அடி விழுற எடத்துல கைவிடாதுன்னு நம்பி நின்னிருக்காரு."

பஞ்சம்மாள் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கர்ணன் இறங்கி அவளைத் தாண்டிப் போனவன், திரும்பிக் கையை நீட்டினான்.

"சட்டையைக் குடுங்க. அது எம் பொண்டாட்டி தச்சது."

"தரமாட்டேன்" என்றாள் பஞ்சம்மாள். அவன் காலி செய்த இடத்திலேயே உட்கார்ந்து, சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். "இது எம் புருசனுக்குத் தச்சது. ஆஸ்பத்திரிக்குப் போயி அவரு கையில குடுத்துட்டு, ஏன் அவருகிட்ட இதுவரைக்கும் வந்து சேரலைன்னு நானே சொல்லிக்கிறேன்."